ஒன்று அடித்து ஒன்று வாங்கிய அணி: இந்தியாவின் 17 வயதுக் கால்பந்துக் கணக்கு

2018இல் மலேசியாவில் நடந்த ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் இந்தியச் சிறுவர்கள் நான்கு ஆட்டங்கள் ஆடினார்கள். மொத்தம் அடித்தது ஒரு கோல், வாங்கியதும் ஒரு கோல். வியட்நாமை 1-0 என்று வென்றார்கள். ஈரானுடனும் இந்தோனேசியாவுடனும் 0-0. காலிறுதியில் தென்கொரியாவிடம் 0-1. அடித்த அந்த ஒரே கோலும் விக்ரம் பிரதாப் சிங் போட்ட பெனால்டி. ஆக, நான்கு ஆட்டத்திலும் ஓடுகிற பந்தில் இந்தியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனாலும் ஆசியாவின் கடைசி எட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2016இல் இதே போட்டி கோவாவில் நடந்தபோது கணக்கு வேறு மாதிரி. ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2-3, சவூதியுடன் 3-3, ஈரானிடம் 0-3. அடித்தது 5, வாங்கியது 9. 2023இல் தாய்லாந்தில் வியட்நாமுடன் 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1, ஜப்பானிடம் 4-8. அடித்தது 5, வாங்கியது 10. ஜப்பான் வலைக்குள் நான்கு கோல் போட்ட இந்திய அணி இருந்தது. ஈரானையும் தென்கொரியாவையும் மொத்தமாக ஒரே கோலில் நிறுத்திவைத்த இந்திய அணியும் இருந்தது. இரண்டும் ஒரே ஆண்டில் வாய்க்கவில்லை. இந்தியச் சிறுவர் கால்பந்தின் சர்வதேசக் கணக்கைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முரணைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

முதலில் ஏணி எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 17 வயது உலகக்கோப்பைக்கு ஆசிய நாடு போகும் வழி ஆசியக் கோப்பைதான். 16 அணிகள், நான்கு பிரிவுகள், பிரிவுக்கு இரண்டு அணிகள் காலிறுதிக்கு. உலகக்கோப்பையில் 24 அணிகள் ஆடிய காலத்தில் ஆசியாவுக்குக் கிடைத்தது நான்கு இடம். அதாவது காலிறுதியில் ஜெயித்தால் உலகக்கோப்பை, தோற்றால் வீடு. முன்பு ஆசியப் போட்டி இரட்டைப்படை ஆண்டுகளில் 16 வயது என்ற பெயரில் நடந்தது. அதே சிறுவர்கள் அடுத்த ஆண்டு 17 வயதில் உலகக்கோப்பைக்குப் போவார்கள். 2023 முதல் பெயரே 17 வயது ஆசியக் கோப்பை. பழைய முடிவுகளைப் படிக்கும்போது 16 என்றும் 17 என்றும் மாறி மாறி வருவது இதனால்தான். இரண்டும் ஒரே ஏணியின் படிகள்.

2018 அணி நின்ற இடம் எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு ஒரு கணக்கு. பிரிவில் இந்தோனேசியா 5 புள்ளி, இந்தியா 5, ஈரான் 4. ஈரானுடனான ஆட்டம் 0-0 என்று இருந்தபோது ஈரானுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் நீரஜ் குமார் அதைத் தடுத்தார். அது உள்ளே போய், ஆட்டம் அப்படியே முடிந்திருந்தால் ஈரானுக்கு 6, இந்தியாவுக்கு 4. காலிறுதிப் பேச்சுக்கே இடமில்லை. காலிறுதியிலோ தென்கொரியாவின் ஜியோங் சாங்-பின் 68வது நிமிடத்தில் அடித்த ஒரு கோல் 2019 உலகக்கோப்பைக் கதவைச் சாத்தியது. அதே ஆண்டு தஜிகிஸ்தான் இறுதியாட்டம்வரை போய் ஜப்பானிடம் 0-1 என்று தோற்றது. அவர்கள் பிரேசில் உலகக்கோப்பைக்குப் போனார்கள். மக்கள்தொகையை வைத்து இந்தியாவைத் திட்டுகிறவர்களுக்குப் பிடித்த உதாரணம் இது. ஆனால் ஆசியாவின் இந்த மட்டத்தில் ஜனத்தொகை ஆடுவதில்லை. பதினைந்து வயதுக்குள் எத்தனை முறை உண்மையான எதிரணியைச் சந்தித்திருக்கிறான் என்பதுதான் ஆடுகிறது.

வயதுக் கோடு என்ன செய்கிறது

ஃபிஃபாவின் வயதுக் கோடு ஜனவரி 1. 2017 உலகக்கோப்பைக்கு 2000 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் தகுதி. 2019க்கு 2002 ஜனவரி 1. இதில் ஒரு ஓரவஞ்சனை ஒளிந்திருக்கிறது. உலகக்கோப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தவரை, 2001இல் பிறந்த பையனுக்கு 2017 மட்டுமே வாய்ப்பு. அப்போது அவன் தன்னைவிட ஒரு வயது மூத்தவர்களோடு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். 2019 வந்தபோது அவனுக்கு வயது கடந்துவிட்டது. 2000 ஜனவரியில் பிறந்தவனும் 2001 டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணித் தேர்வில் நின்றால், இடையில் கிட்டத்தட்ட 24 மாத வளர்ச்சி. பதினான்கு பதினைந்து வயதில் 24 மாதம் என்பது உயரம், எடை, வேகம் எல்லாம்.

தேர்வாளர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் இரண்டு நாள் தேர்வு முகாமில் கண்ணில் படுகிறவன் வளர்ந்தவன்தான். அதனால் எல்லா நாட்டுச் சிறுவர் அணிகளிலும் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பார்கள், கடைசி மூன்று மாதக்காரர்கள் குறைவு. தேர்வு முகாம் குறுகியதாக இருக்கும் நாட்டில் இந்தச் சாய்வு இன்னும் மோசம். ஒரு பருவம் முழுக்க லீக்கில் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சின்னப் பையனின் பந்தறிவு தெரியும். ஒரு மணி நேர ஆட்டத்தில் தெரிவது உடம்பு.

இந்தியாவில் இதோடு சேர்ந்துகொள்வது வயது மோசடி. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு கடந்தால் மாஜிஸ்திரேட் ஆணை வேண்டும். அப்படித் தாமதமாக, பள்ளியில் சேரும்போதோ ஆட்டத்துக்காகவோ வாங்கிய சான்றிதழ்தான் சிக்கலின் வேர். காகிதத்தை நம்ப முடியாதபோது எலும்பைப் பார்க்கிறார்கள். இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

உள்நாட்டுப் போட்டிகளில் டிடபிள்யூ3 முறை. இடது கையின் எக்ஸ்ரே எடுத்து, மணிக்கட்டுப் பக்கத்து இரு எலும்புகளும் விரல் எலும்புகளுமாக 13 எலும்புகளுக்கு ஒவ்வொன்றாக மதிப்பெண் போட்டு, கூட்டி, எலும்பு வயதைக் கணிப்பார்கள். இந்த அளவுகோல் ஆண் பிள்ளைகளுக்கு 16.5 வயதோடு நின்றுவிடும், பெண் பிள்ளைகளுக்கு 15. அதற்கு மேல் எல்லோரும் முழு வளர்ச்சி அடைந்தவர்கள் என்றுதான் சொல்லும். எனவே 13, 14 வயதுப் போட்டிக்கு இது பயன்படும், 17 வயதுக் கோட்டுக்கு உதவாது.

சர்வதேசப் போட்டியில் எம்ஆர்ஐ. நைஜீரியாவில் நடந்த 2009 உலகக்கோப்பையில் ஃபிஃபா இதைக் கொண்டுவந்தது. கதிர்வீச்சு கிடையாது என்பதால் நோயில்லாத சிறுவர்களுக்கு எடுப்பதில் சங்கடமில்லை. பார்ப்பது ஒரே ஒரு இடம்: முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டில் முடியும் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு. அது குருத்தெலும்பாகத் திறந்திருந்தால் முதல் நிலை, முழுக்க மூடி எலும்போடு எலும்பு ஒட்டிவிட்டால் ஆறாம் நிலை. ஆறாம் நிலை என்றால் ஆட முடியாது. 17 வயது முடியாத ஆண் பிள்ளைக்கு அந்தத் தட்டு முழுக்க மூடியிருப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

சோதனையின் ஓட்டை எங்கே என்றால், அது வயதைச் சொல்வதில்லை. மூடியதா இல்லையா என்று மட்டும் சொல்கிறது. தாமதமாக வளரும் 18 வயதுக்காரன் ஐந்தாம் நிலையோடு தப்பித்துவிடுவான். சீக்கிரம் வளர்ந்த உண்மையான 16 வயதுக்காரன் எப்போதாவது மாட்டிக்கொள்வான். பயிற்சியாளருக்கு வரும் நஷ்டம் வேறு. ஓராண்டு முகாமில் வைத்து, நடுக்களத்தையே ஒருவனைச் சுற்றிக் கட்டியபின் அவன் எலும்பு மூடிவிட்டது என்று தெரிந்தால் கட்டியதெல்லாம் சரியும். அதனால் முகாமுக்குள் சேர்க்கும்போது ஒருமுறை, போட்டிக்குப் பெயர் அனுப்பும் முன் மறுமுறை எடுத்துப் பார்ப்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. முதல் சோதனையில் நான்காம் நிலையில் இருந்தவன் ஓராண்டில் ஆறைத் தொட்டிருக்கலாம்.

2017: ஒன்பது கோல்களின் நிமிடங்கள்

இந்தியா இதுவரை ஆண்கள் பிரிவில் எந்த வயதிலும் ஆடிய ஒரே ஃபிஃபா உலகக்கோப்பை 2017இன் 17 வயதுப் போட்டி. போட்டியை நடத்திய நாடு என்பதால் கிடைத்த இடம். நடத்தும் உரிமை 2013 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டதால் அணி கட்ட கிட்டத்தட்ட நான்கு ஆண்டு இருந்தது. 2015இல் ஜெர்மானியர் நிக்கோலாய் ஆடம் பயிற்சியாளராக வந்தார். கோவாவில் முகாம், வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்கள். 2017 தொடக்கத்தில் அவர் போக, மார்ச்சில் போர்ச்சுகல்காரர் லூயிஸ் நார்ட்டன் டி மாடோஸ் வந்தார். உலகக்கோப்பைக்கு ஏழு மாதம் இருக்கும்போது பயிற்சியாளர் மாறினால் ஆட்டமுறையும் மாறும். மாடோஸ் எடுத்த முடிவு எளிமையானது: பந்து நம்மிடம் இருக்கப்போவதில்லை, அதனால் பின்னால் நெருக்கமாக நின்று தடுப்போம்.

டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் மூன்று ஆட்டம். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. ஸ்கோரை விட்டுவிட்டு கோல் விழுந்த நிமிடங்களைப் பாருங்கள். அமெரிக்கா: 30, 51, 84. கொலம்பியா: 49, 83. கானா: 43, 52, 86, 87. இடைவேளைக்கு முன் மூன்று ஆட்டத்திலும் சேர்த்து இரண்டு கோல்தான். இடைவேளை முடிந்து வந்த ஏழு நிமிடத்துக்குள் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு கோல். 80வது நிமிடத்துக்குப் பின் நான்கு.

இந்தக் கடைசி நான்கை உடல்தகுதிக் குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். பாதிதான் சரி. பந்து கையில் இல்லாத அணி, இருக்கிற அணியைவிட அதிகம் ஓட வேண்டியிருக்கும். அதுவும் எதிராளி திசை மாற்றும்போதெல்லாம் நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். கால் களைப்பது ஓட்டத்தின் நீளத்தால் இல்லை, இந்தத் திடீர்த் திருப்பங்களால். பந்தைப் பிடுங்கியதும் நான்கைந்து பாஸ் கொடுத்து மூச்சுவிடத் தெரிந்த அணிக்கு 80வது நிமிடத்திலும் கால் இருக்கும். பிடுங்கியதும் முன்னால் தூக்கி அடித்தால் பத்து நொடியில் பந்து திரும்பி வரும். அன்று இந்தியாவுக்கு நடந்தது இரண்டாவது.

49, 51, 52 வேறு கதை. இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளர் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பார். அதை முதல் ஐந்து நிமிடத்தில் களத்திலேயே கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவனிடம் கத்திச் சொல்லி, இடம் மாறிக்கொள்ள வேண்டும். வாரா வாரம் வெவ்வேறு அணிகளோடு லீக் ஆடியவனுக்கு இது பழக்கத்தில் வரும். முகாமில் கிடைக்காது.

இந்தியாவின் ஒரே கோல் கொலம்பியாவுக்கு எதிராக, 82வது நிமிடம். சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டினார். உலகக்கோப்பையில் இந்தியாவின் முதல் கோல், 1-1. மறு நிமிடம் 1-2. மைதானம் இன்னும் கொண்டாடிக்கொண்டிருந்தது. கோல் அடித்த கையோடு நடுக்கோட்டு உதைக்கு முன் பின்வரிசையை எண்ணி நிறுத்துவது கோல்கீப்பரும் நடு டிஃபெண்டர்களும் செய்ய வேண்டிய வேலை. சாதாரண லீக்கில் இரண்டு முறை இப்படி அடி வாங்கியவன் மூன்றாம் முறை செய்யமாட்டான். உலகக்கோப்பையில் முதல் முறை வாங்கினால் அது சரித்திரமாகிவிடுகிறது.

கோல் அடித்தவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. ஜீக்சன் தடுப்பு வேலை பார்க்கும் நடுக்கள ஆட்டக்காரர். பந்து நின்ற நிலையிலிருந்து வந்தது. 2018இன் ஒரே கோலும் நின்ற பந்து. முகாமில் மனப்பாடம் செய்யக்கூடிய கோல்கள் இவைதான்.

முகாமில் எதைக் கற்றுக்கொடுக்க முடியும்

தடுப்பை முகாமில் கற்றுத்தரலாம். நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசை. இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பந்து இடது ஓரம் போனால் வலது ஓரத்துப் பின்காவல்காரர் கோல்கம்ப அகலத்துக்குள் ஒடுங்கி வர வேண்டும். ஒருவன் பந்தை நெருக்கினால் பக்கத்தவன் ஒரு சாய்வில் பின்னால் நின்று காக்க வேண்டும். இதெல்லாம் கயிறு கட்டி நடக்கவைத்தே பழக்கலாம். ஆறு மாதம் ஒரே இருபது பேர் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, தினமும் இதைச் செய்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். 2018இன் பயிற்சியாளர் பிபியானோ ஃபெர்னாண்டஸ் செய்து காட்டியது இதுதான். அந்த அணி 2017 தெற்காசியப் போட்டியிலிருந்தே ஏறக்குறைய ஒன்றாகவே வளர்ந்தது.

தாக்குதல் அப்படி வராது. பெனால்டி பெட்டிக்குள் பந்து வந்ததும் எதிராளி கால் எந்தப் பக்கம் ஊன்றியிருக்கிறது, கோல்கீப்பர் எடை எந்தக் காலில், முதல் தொடுதலிலேயே அடிக்கலாமா என்பதை அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பலவகைத் தடுப்பாட்டக்காரர்களைப் பலநூறு முறை சந்தித்திருக்க வேண்டும். முகாமில் முன்கள வீரன் தினமும் மோதுவது தன் அறைத்தோழனோடு. அவன் எப்போது ஏமாறுவான் என்பது மூன்றாம் வாரமே தெரிந்துபோகும். அதற்குப் பின் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. எட்டு ஒன்பது வயதிலிருந்து வாரம் ஒரு போட்டி ஆட்டம் என்று வளர்ந்த ஜப்பான் பையனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கூர்மையாகத் தெரிகிறது. தடுப்பில் அவ்வளவு தெரிவதில்லை.

சரி, அப்படியானால் 2016இலும் 2023இலும் ஐந்து ஐந்து கோல் எப்படி வந்தது? முன்னேறி நின்று ஆடியதால். முன்னேறி நின்றால் வாய்ப்பு வரும், பின்னால் காலி இடமும் திறக்கும். அந்தக் காலி இடத்தில்தான் ஒன்பதும் பத்தும் விழுந்தன. 2023 பிரிவில் இருந்த ஜப்பான் அந்த ஆண்டுச் சாம்பியன், உஸ்பெகிஸ்தான் அரையிறுதி அணி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடித்தால் வாங்குவோம், வாங்காமல் இருந்தால் அடிக்கமாட்டோம் என்ற இந்த ஊசலை எந்தப் பயிற்சியாளரும் முழுக்க நிறுத்தவில்லை. அவரவர் சுபாவப்படி ஒரு பக்கம் சாய்ந்தார்கள், அவ்வளவுதான்.

2017 அணியின் 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள் என்பது இந்த இடத்தில் பொருள் பெறுகிறது. அங்கே ஊர் மைதானத்தில் பெரியவர்களோடு மோதியே பையன்கள் வளர்கிறார்கள். முகாமுக்கு வருமுன்பே ஆட்டக்கணக்கு ஏறியிருக்கும்.

எந்த முடிவை எடைபோடுவது

தெற்காசியப் போட்டியில் இந்தியாவின் கணக்கு அபாரம். 2013இல் தொடங்கி 2017, 2019, 2022, 2023, 2024, 2025 என ஏழு பட்டங்கள். வயது வரம்பு ஆண்டுக்கு ஆண்டு 15, 16, 17 என்று மாறினாலும் பட்டம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. 2019 இறுதியாட்டத்தில் நேபாளத்தை 7-0. 2025இல் கொழும்பில் வங்கதேசத்துடன் 2-2, பெனால்டியில் வெற்றி. இவை பொய் வெற்றிகள் இல்லை. ஆனால் இந்த மட்டத்தில் பந்து பெரும்பாலும் நம்மிடமே இருக்கும். ஆசியக் கோப்பையில் பந்து எதிராளியிடம் இருக்கும். இங்கே ஆடிப் பழகுவது ஓர் ஆட்டம், அங்கே ஆட வேண்டியது இன்னோர் ஆட்டம். 7-0 வென்ற அணியை வைத்து அடுத்த ஆண்டு ஆசியாவை அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நட்பு ஆட்ட முடிவுகளில் இன்னும் கவனம் வேண்டும். 2017 மே மாதம் இந்தியச் சிறுவர்கள் இத்தாலியை 2-0 என்று வென்றதாகச் செய்தி பரவியது. எதிரே ஆடியது இத்தாலியின் தேசிய அணி அல்ல, கீழ்மட்ட லீக் கிளப்புகளின் சிறுவர்களைத் திரட்டிய ஓர் அணி என்பது பிறகு தெளிவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் மெக்சிகோவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் மெக்சிகோவிடம் 1-5, கொலம்பியாவிடம் 0-3, சிலியுடன் 1-1. உலகக்கோப்பைக்கு முந்தைய உண்மையான அளவு இதுதான். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

மறுபக்கம், 2018 ஆகஸ்டில் ஸ்பெயினின் கோட்டிஃப் போட்டியில் 20 வயது அணி பத்துப் பேரோடு அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றது அசலான வெற்றி. தீபக் டாங்ரியும் அன்வர் அலியும் கோல் அடித்தார்கள். அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி, பிற்பாடு உலகக்கோப்பை வென்றவர். தோற்ற அர்ஜென்டினாவே அந்தப் போட்டியின் கோப்பையையும் தூக்கியது. ஆனால் அதே போட்டியில் இந்தியா ஸ்பெயினின் முர்சியா வட்டார அணியிடம் 0-2, மௌரிடானியாவிடம் 0-3 என்று தோற்றிருந்தது என்பதையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ஒற்றை ஆட்டத்தில் எதுவும் நடக்கலாம். தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் நடப்பதுதான் தரம்.

1974ஐ எங்கே வைப்பது? பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியின் இறுதியாட்டத்தில் ஈரானுடன் 2-2 என்று சமன் செய்து இந்தியா கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. தலைவர் ஷபீர் அலி, பயிற்சியாளர் அருண் கோஷ். இன்றுவரை சிறுவர், இளைஞர் மட்டத்தில் இந்தியாவின் ஒரே ஆசியப் பட்டம் அது. அதிர்ஷ்டம் பாருங்கள், ஃபிஃபாவின் இளைஞர் உலகக்கோப்பை தொடங்கியதே 1977இல், துனீசியாவில். ஆசியச் சாம்பியனாக இருந்தும் ஏறிப்போக மேலே படி இல்லை. படி வந்தபோது இந்தியா இல்லை. 2006இல் போட்டியை இந்தியாவே நடத்தியபோது ஆடியதுதான் கடைசி. அதன்பின் 20 வயது ஆசியக் கோப்பையின் இறுதிச்சுற்றுக்கு இந்தியா ஒருமுறைகூட வரவில்லை.

17 முடிந்த மறுநாள்

16, 17 வயதில் ஆசியாவின் நடுவரிசையில் நிற்கும் அணி 19, 20 வயதில் காணாமல் போவது ஏன்? முகாம் கலைந்துவிடுகிறது. 17 வயதுவரை தேசியக் கூட்டமைப்பின் பொறுப்பில் இருந்தவன், அதன்பின் கிளப்பின் பெஞ்சுக்குப் போகிறான். 2017 உலகக்கோப்பை அணியை உடைக்காமல் வைக்க கூட்டமைப்பே நடத்திய இளைஞர் அணியான இந்தியன் ஆரோஸை மறுபடி உயிர்ப்பித்து, பெரியவர்களின் தேசிய லீகான ஐ-லீகில் ஆடவிட்டார்கள். 17, 18 வயதில் பெரியவர்களோடு ஒரு பருவம் முழுக்க மோதுவது எந்த வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தையும்விட மேல். 2022இல் அது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக 2022இல் தொடங்கிய ரிலையன்ஸ் மேம்பாட்டு லீகில் இளைஞர்கள் பெரும்பாலும் இளைஞர்களோடுதான் மோதுகிறார்கள்.

2017 அணியிலிருந்து தேசிய சீனியர் அணியில் நிலைத்தவர்கள் யார் என்று பாருங்கள். சுரேஷ் சிங் வாங்ஜம், ஜீக்சன், அபுயா என்கிற லாலெங்மாவியா: மூவரும் நடுக்களம். அன்வர் அலி: தடுப்பு. முன்கள வீரர்களில் சீனியர் அணிவரை வந்த ரஹீம் அலி போன்றவர்களுக்கு நிலையான இடம் அமையவில்லை. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் வெளிநாட்டு வீரருக்குப் பணம் கொடுக்கும்போது முதலில் வாங்குவது கோல் அடிக்கிறவனை. களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் இருக்கலாம் என்றால் அதில் ஒன்றாவது ஒன்பதாம் எண் இடம், அதாவது கோலுக்கு நேர் முன்னால் ஆடும் ஸ்டிரைக்கர். 18 வயது இந்திய ஸ்டிரைக்கர் ஓரத்துக்கு நகர்த்தப்படுவான், அல்லது உட்காருவான். சிறுவயதில் ஆட்டக்கணக்குக் குறைவால் மெலிந்த இடம், இளமையில் சந்தையால் மறுபடி மெலிகிறது.

பெண்கள் பக்கம் இதே பாடம் இன்னும் கடுமையாக வந்தது. 2022இல் புவனேஸ்வரில் 17 வயது மகளிர் உலகக்கோப்பை: அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. நடத்துகிற நாடு என்று கிடைக்கும் இடம் இப்படித்தான் இருக்கும். தகுதிச்சுற்றில் வெற்றிபெற்று வந்த இடம் வேறு. 2025இல் 17 வயது, 20 வயது மகளிர் அணிகள் இரண்டும் தகுதிச்சுற்றில் ஆடி ஜெயித்தே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தன. பேசப்பட வேண்டிய அளவுக்கு அது பேசப்படவில்லை.

48 அணி வந்தபின்

2025 முதல் 17 வயது உலகக்கோப்பை ஆண்டுதோறும், 48 அணிகளோடு, கத்தாரில். நடத்தும் கத்தாரைச் சேர்க்காமல் ஆசியாவுக்கு எட்டு இடம். அதாவது ஆசியக் கோப்பையில் பிரிவைத் தாண்டினாலே உலகக்கோப்பை. 2018இன் அந்த ஒன்றடித்து ஒன்று வாங்கிய அணி இன்றைய விதியில் காலிறுதி ஆடுமுன்பே டிக்கெட் வாங்கியிருக்கும். ஆண்டுதோறும் நடப்பதால் 2001இல் பிறந்தவனுக்கு நேர்ந்த அநியாயமும் போயிற்று. ஒவ்வொரு பிறப்பாண்டுக்கும் தனி வாய்ப்பு.

ஆனால் ஒரு சிக்கல் கூடவே வந்தது. இரண்டு ஆண்டு முகாம் என்ற முறை இனி ஓடாது. ஆண்டுக்கு ஓர் அணி கட்ட வேண்டுமென்றால் முந்தைய அணி போட்டியில் இருக்கும்போதே அடுத்த அணி தயாராக வேண்டும். ஒரே பயிற்சியாளர், ஒரே முகாம் என்று வைத்துச் செய்ய முடியாது. மாநில, கிளப் லீக்குகளே பையன்களைத் தயாரித்து அனுப்ப வேண்டும்.

2025 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை. 2026க்கான தகுதிச்சுற்றில் வழி இன்னும் குறுகல். முந்தைய உலகக்கோப்பையில் ஆடிய ஒன்பது ஆசிய அணிகள் நேரடியாக உள்ளே. மீதி ஏழு இடத்துக்கு ஏழு பிரிவுகள், பிரிவில் முதலிடம் மட்டுமே கணக்கு. இரண்டாமிடத்துக்கு ஆறுதல் இல்லை. 2025 நவம்பரில் அகமதாபாதில் இந்தியப் பிரிவு நடந்தது. பாலஸ்தீனத்துடன் 1-1, சீன தைபேவை 3-1, லெபனானிடம் 0-2. கடைசி ஆட்டம் ஈரானோடு, ஜெயித்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் மறுபடியும் பிபியானோ.

ஈரான் 19வது நிமிடத்தில் அடித்தது. பின்னால் ஒடுங்கி நின்று தடுக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும் அந்த நிமிடமே செல்லாது, இரண்டு கோல் வேண்டும். இடைவேளைக்குச் சற்று முன் டல்லால்முவோன் காங்தே பெனால்டியில் சமன் செய்தார். இதுவரை பழைய கதைதான், நின்ற பந்து. 52வது நிமிடத்தில் குன்லைபா வாங்கெய்ராக்பம் இரண்டாவதைப் போட்டார். 2017இல் டெல்லியில் கானா இந்தியாவைக் குத்திய அதே நிமிடம். மீதி நாற்பது நிமிடமும் 2018 அணியைப் போல் தடுத்தார்கள். 2-1, ஆசியக் கோப்பைக்கு இடம்.